டபிங் கலவை சரிவராதபோது: எங்கே பிழை, எப்படித் திருத்துவது

மீனை ஏமாற்ற மயிரும் நூலும் கொண்டு தூண்டிலில் கட்டும் பொய்ப்பூச்சிக்குப் பிளை என்று பெயர். மெழுகு தடவிய நூலில் மயிரை முறுக்கி, அந்த நூலைத் தூண்டிலின் தண்டில் சுற்றினால் பூச்சியின் உடம்பு வரும். அந்த மயிர்க் கலவைக்குத்தான் பிளை கட்டுகிறவர்கள் டபிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கடையில் டபிங் கேட்டால் படத்துக்குக் குரல் கொடுக்கிற சங்கதி என்றுதான் நினைப்பார்கள். ஆகவே வீட்டு முயல், இறைச்சிக்கடை ஆட்டுத்தோல், பொமரேனியன் நாயைச் சீவி எடுத்த மயிர், இலவம் பஞ்சு, தையல் கடை நூல் என்று கிடைப்பதைக் கலந்துதான் ஆக வேண்டும். இங்கே சொல்லும் அளவுகள் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களில் திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் 10 முதல் 14 ஆம் இலக்கம் வரையான (இலக்கம் கூடக் கூடச் சிறிதாகும்) தூண்டிலில் கட்டும் பிளைகளுக்கு உரியவை.

கலவை பிழைத்தால் எல்லாரும் முதலில் திட்டுவது மயிரைக் கலக்கப் பாவிக்கும் கிரைண்டரை. அது அநியாயம். பெரும்பாலான பிழை மயிர் கிரைண்டருக்குள் போக முதலே நடந்து முடிந்திருக்கும். மயிரின் நீளம், அடிமயிருக்கும் மேல்மயிருக்கும் இடையிலான விகிதம், கழுவிய தண்ணீர் ஆகிய மூன்றில் ஒன்றில் பிழை கிடக்கும்.

அடிமயிர் என்பது தோலை ஒட்டிக் கிடக்கும் மென்மையான, சுருள் விழுந்த மயிர். சுருள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்வதால் நூலில் நிற்கும். மேல்மயிர் நேரானது, விறைப்பானது, வழுக்குவது. அது பூச்சியின் கால் போல வெளியே துருத்தி நிற்கும்; மீனுக்குப் பிடித்தது அதுதான், ஆனால் நூலில் தானாக ஒருபோதும் நிற்காது. முயலிலும் பொமரேனியனிலும் அடிமயிர் மிகுதி. நம்முடைய வெக்கைக்கு வளர்ந்த ஆட்டில் அது அரிது, கிட்டத்தட்ட முழுவதும் மேல்மயிர்.

எந்தக் குறி தெரிந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். துவரம்பருப்பு அளவு கிள்ளி எடுத்து இரண்டு கைவிரலாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பஞ்சுத்திரி போல நீண்டு, பிறகு மெல்லப் பிரிந்தால் நல்ல கலவை. இழுத்தவுடன் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தால் அடிமயிர் காணாது. இழுக்க இழுக்க வராமல் விரலை வெட்டுகிறதென்றால் மயிர் நீளம் கூடிவிட்டது, அல்லது தொப்பி செய்யும் தடித்த துணி போல இறுகிப் பெல்ற் (felt) ஆகிவிட்டது.

நூலில் பிடிக்கவில்லை, விரலை எடுத்ததும் உதிருகிறது

அதிகம் கேட்கப்படும் முறைப்பாடு இது. நாலு காரணம் இருக்கலாம். மலிவான திருத்தத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலாவது, கை. நூலைச் சுற்றி மயிரை ஒரே திசையில் மட்டும் உருட்ட வேண்டும். திரி திரிப்பவர் முன்னும் பின்னும் உருட்டுவதில்லையே. முன்னே உருட்டியதைப் பின்னே உருட்டினால் முறுக்கு அவிழ்ந்துவிடும். கைக்கு வியர்வை கூடினால் மயிர் நூலை விட்டு விரலில் ஒட்டும். பக்கத்தில் ஒரு பருத்தித் துணியை வைத்துக்கொண்டு துடைத்துத் துடைத்துச் செய்யுங்கள்.

இரண்டாவது, மெழுகு. குளிர்நாட்டு முறைப்படி எண்ணெய் சேர்த்து மென்மையாக்கிய மெழுகு, பங்குனி சித்திரை மத்தியானத்தில் கூழாகி நூலில் வழுக்கும். மயிர் மெழுகோடு சேர்ந்து நகர்ந்துவிடும். இங்கே எண்ணெய் வேண்டாம். தேன் மெழுகு 4 பங்கு, ரேடியோ திருத்தும் கடையில் ஈயம் பற்றவைக்க விற்கும் றெசின் 1 பங்கு. தேன் மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸ் வரையில் உருகும், ஆகவே கொதிநீர்ச் சட்டிக்குள் தகரப் பேணியை வைத்து உருக்கினால் போதும். அடுப்பில் நேரடியாக வைத்தால் தீப்பிடிக்கும். முதலில் மெழுகு உருகட்டும், பிறகு றெசினைப் பொடித்துத் தூவிக் கிண்டி, பழைய லிப்ஸ்ரிக் குழாயிலோ தீப்பெட்டிக்குள் விரித்த கடதாசியிலோ ஊற்றி ஆறவிடுங்கள். மாரியில் இது கொஞ்சம் இறுகலாகத் தெரிந்தால் உள்ளங்கையில் அரை நிமிடம் பொத்தி வைத்தால் சரி. வன்னிக் காட்டுத் தேன் எடுப்பவர்களிடம் அடையோடு வாங்கினால் மெழுகுக்குத் தனிச் செலவில்லை. அடையை வெந்நீரில் உருக்கி, துணியில் வடித்து, ஆறியபின் மேலே மிதக்கும் தட்டை எடுங்கள். தேன் கழுவப்படாத மெழுகு எறும்பை அழைத்து வரும்.

மூன்றாவது, கலவை. ஆட்டுமயிர் பாதிக்கு மேல் போய்விட்டால் எந்த மெழுகும் காப்பாற்றாது. சாதாரண உடம்புக்கு அடிமயிர் 6 பங்கு, மேல்மயிர் 3 பங்கு, மினுங்கும் நூல் 1 பங்கு. இதிலிருந்து தொடங்கி, முள்ளுமுள்ளாக வேண்டுமென்றால் மேல்மயிரை 4 வரை கூட்டலாம். அதைத் தாண்டினால் நூலைப் பிரித்து வளையம் போட்டு, நடுவில் மயிரை வைத்து, கீழே ஒரு சிறு பாரம் கொளுவி முறுக்குவதுதான் வழி. வளையத்துக்கு அகப்படும் கலவை விரலுக்கு அகப்படாது. அதைப் பிழை என்று எடுக்க வேண்டாம்.

நாலாவது, மயிரிலுள்ள கொழுப்பு. தோலில் இருந்து வெட்டிக் கழுவாமல் உலர்த்திய ஆட்டுமயிரில் கொழுப்பு இருக்கும். முகர்ந்து பார்த்தால் தெரியும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு லீற்றர், பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். கசக்க வேண்டாம், ஏன் என்பது கீழே வரும்.

பிடிக்கிறது, ஆனால் கயிறு போலத் தடிக்கிறது

அளவு கூடிவிட்டது. போதும் என்று கண்ணுக்குத் தெரிகிற அளவில் பாதியை எடுங்கள். அதையும் பாதியாக்கினால் 14 ஆம் இலக்கத்துக்குச் சரியாக இருக்கும். நூலின் நிறம் மயிருக்கு ஊடாக மங்கலாகத் தெரிய வேண்டும். தடிப்பான உடம்பு வேண்டுமென்றால் ஒரே தடவையில் சுற்றாமல் மெல்லிய சுற்றை இரண்டு தடவை போடுங்கள்.

கலவை சரியாக இருந்தும் இடைக்கிடை முடிச்சு விழுகிறதென்றால் அது அளவுப் பிழை அல்ல, கிரைண்டரில் உருண்ட சிறு பந்துகள். அடுத்ததைப் பாருங்கள்.

கிரைண்டர் கத்தியில் சுற்றிக்கொள்கிறது, அல்லது பந்து பந்தாக உருள்கிறது

கத்தியின் அச்சில் சுற்றுவது நீளம் கூடிய மயிர். பொமரேனியன் மயிர் 4, 5 செ.மீ. வரும், அதை அப்படியே போட்டால் இரண்டு சுழற்சியில் அச்சோடு கட்டிக்கொள்ளும், மோட்டார் முனகும், கருகின மணம் வரும். உடனே செருகியைக் கழற்றிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். சுற்றியதை இழுக்காமல் சவர பிளேட்டால் அச்சுக்கு நெடுக்காக ஒரு கீறு கீறினால் வளையமாகக் கழன்று வரும்.

கிரைண்டருக்குப் போகும் எதுவும் 1 முதல் 2 செ.மீ. நீளத்துக்குள் இருக்க வேண்டும். துருத்தி நிற்க வேண்டிய ஆட்டுமயிர் மட்டும் 8 முதல் 10 மி.மீ. போதும். மயிரைக் கட்டாகப் பிடித்து, நுனியை ஒரே மட்டத்தில் தட்டி, கத்தரிக்கோலால் வெட்டுங்கள். தையல் நூலையும் கம்பளி நூலையும் வெட்டிய பிறகு முறுக்கு அவிழ்த்து நார் நாராகப் பிரித்த பிறகே போட வேண்டும். முறுக்கோடு போட்ட துண்டு கடைசிவரை துண்டாகவே இருக்கும்.

பந்தாக உருளுவது வேறு கதை. கிண்ணத்தை நிரப்பிவிட்டு நீண்ட நேரம் ஓட்டியதால் வருவது. மயிருக்குப் பறக்க இடம் வேண்டும். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தளர்வாகக்கூட, போடாதீர்கள். பொத்தானை ஒரு விநாடி அமர்த்தி விடுங்கள். கிண்ணத்தைக் குலுக்குங்கள். மறுபடி ஒரு விநாடி. ஐந்தாறு தடவைக்குள் கலந்துவிடும். அதற்குப் பிறகு ஓட்டுவதெல்லாம் கலப்பதல்ல, உருட்டுவது. பந்துகள் விழுந்துவிட்டால் எறிய வேண்டியதில்லை: நாய்க்குச் சீவும் கம்பித் தூரிகை இரண்டை எதிரெதிராக வைத்து ஏழெட்டு இழுப்பு இழுத்தால் பிரியும்.

இன்னொரு வகைப் பிழை, எல்லாம் தூளாகிப் போவது. மிக்ஸியின் சின்னக் கிண்ணத்துக் கத்தி செத்தல் மிளகாய் அரைக்கச் செய்யப்பட்ட கூர்மையானது. மயிரைக் கலக்காமல் நறுக்கிவிடும். 3 மி.மீ. ஆகிப்போன மயிர் எந்த நூலிலும் நிற்காது, திருத்தவும் முடியாது. கோப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கிரைண்டரின் மழுங்கிய கத்திதான் இந்த வேலைக்கு உகந்தது. பழைய கிரைண்டரின் கத்தி மழுங்கிவிட்டதென்று வீட்டில் ஒதுக்கி வைத்தால் அது உங்களுக்குக் கிடைத்த வரம்.

கண் எரிகிறது, வெள்ளைக் கலவை மஞ்சளாக வருகிறது

சிரிக்க வேண்டாம், இது நடப்பது. சமையல் கிரைண்டரின் மூடி றப்பருக்குள்ளும் கத்தியின் அடியிலும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் தங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் பறக்கும் மயிரோடு மிளகாயும் பறக்கும். ஒரு பிடி பச்சை அரிசியைப் போட்டு இரண்டு தடவை அரைத்துக் கொட்டி, ஈரத்துணியால் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகு பாவியுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கிரைண்டர் சமையலறைக்குத் திரும்பிப் போகக் கூடாது. நாய்மயிர் கலந்த கறித்தூளுக்கு வீட்டில் யாரும் மன்னிப்புத் தர மாட்டார்கள்.

மயிர்த்தூள் மூச்சோடு போகும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான திண்ணையில், ஆனால் காற்று நேரே அடிக்காத மூலையில் இருந்து செய்யுங்கள்.

மூடியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது

நிலைமின். குளிர்நாட்டுக் குறிப்புகள் இதற்கே பாதிப் பக்கம் ஒதுக்கும். அங்கே பனிக்காலத்தில் அறையைச் சூடாக்குவதால் காற்று வறண்டு போகும். வன்னியில் சோழகம் அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரையான பின்னேரங்களில், அதுவும் பிளாஸ்ரிக் மூடியும் பொலியெஸ்ரர் நூலும் சேர்ந்தால் மட்டும் வரும். கிண்ணத்துக்குள் கையால் ஒரு துளி தண்ணீர் தெளித்தாலே அடங்கும். அடங்காவிட்டால் 250 மில்லிலீற்றர் தண்ணீரில் துணி மென்மையாக்கும் திரவம் அரைத் தேக்கரண்டி கலந்து, விசிறும் போத்தலால் ஒரு விசிறு. நனைய விடாதீர்கள். காலையில் பனி இறங்கிய நேரத்தில் கலந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

நிறம் கோடு கோடாக நிற்கிறது. அல்லது எல்லாம் சேற்று நிறமாகிவிட்டது

கோடு நிற்பது குறைவாகக் கலந்ததால். கையால் கலக்கிறவர்கள் நிறங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பிரித்து, பிரிந்த பாதியை மற்றதன் மேல் வைத்து மறுபடி இழுக்க வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு தடவையில் சேரும். ஒரு பிளைக்கோ இரண்டுக்கோ வேண்டிய அளவென்றால் கிரைண்டரை எடுக்கவே வேண்டாம், கைதான் சிறந்தது. நீளமும் குறையாது.

சேற்று நிறம் இரண்டு வழியில் வரும். ஒன்று, அதிகம் ஓட்டியது. இரண்டு, எதிர் நிறங்களைச் சம அளவில் போட்டது: சிவப்பும் பச்சையும், செம்மஞ்சளும் நீலமும் சரிபாதி சேர்ந்தால் சாம்பல் கலந்த மண்ணிறம்தான் மிஞ்சும். ஆனால் சிறு அளவில் மாறுபட்ட நிறத்தைப் போடுவது கலவைக்கு உயிர் கொடுக்கும். பாசிப்பச்சை 10 பங்குக்குச் செம்மஞ்சள் 1 பங்கு போட்டுப் பாருங்கள். தூரத்தில் பார்த்தால் பச்சைதான், கிட்டப் பார்த்தால் உள்ளே நெருப்பு. கடையில் வாங்கிய ஒரே நிற மயிர் செத்த நிறமாகத் தெரிவதற்கும் வீட்டுக் கலவை உயிரோடு தெரிவதற்கும் இதுதான் வித்தியாசம். ஆகவே முழுக்கச் சீராகும் வரை கலக்க வேண்டாம். தனித்தனி மயிர் கண்ணுக்குத் தெரியும்போதே நிறுத்துங்கள்.

சேறாகிப் போனதை மீட்கலாம். அதில் பாதியை எடுத்து, புதிதாக வெட்டிய மேல்மயிரையும் கொஞ்சம் மினுங்கும் நூலையும் கையால் மட்டும் கலந்து சேருங்கள். மினுக்கத்துக்கு மெஷினில் பூவேலை செய்யும் பொலியெஸ்ரர் நூல் நல்லது. அதன் நார் முக்கோண வெட்டுமுகம் உடையது என்பதால் ஒளியைத் தெறிக்கும். ஜரிகையை வெட்டிப் போட்டால் மினுங்கும், ஆனால் விறைத்து நின்று விரலில் குத்தும்.

போத்தல் தண்ணீரில் கலக்கினது பெல்ற் போல இறுகிவிட்டது

தண்ணீரில் கலப்பது அருமையான முறை. நீளமான மயிருக்கும் ஏற்றது, தூள் பறக்காது. பிழைப்பது சூட்டாலும் குலுக்கலாலும். மயிரின் மேற்பரப்பில் மீன் செதில் போல அடுக்குகள் உண்டு. சூடும் சவர்க்காரமும் அசைவும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கொளுவிப் பூட்டிக்கொள்ளும். தொப்பி செய்கிறவர்கள் முயல்மயிரை வேண்டுமென்றே இப்படித்தான் இறுக்குகிறார்கள். நமக்கு அது வேண்டாம்.

ஒரு லீற்றர் வாய் அகன்ற போத்தலில் பாதிக்குச் சாதாரணத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் 2 துளி, வெட்டிய மயிர் 1 முதல் 2 கிராம். மூடி, தலைகீழாக்கி நிமிர்த்தி, முப்பது தடவைக்குள் நிறுத்துங்கள். தேத்தண்ணி வடியில் ஊற்றி, உள்ளங்கையால் அமர்த்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிழியவோ முறுக்கவோ கூடாது. ஈரமாக இருக்கும்போதே சிறு சிறு பிய்யலாகப் பிரித்துக் கடதாசியில் பரப்புங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டு மூன்று தடவை கையால் இழுத்துப் பிரித்தால் பொங்கிவிடும். காயப் போடும்போது மேலே நுளம்பு வலைத் துண்டு கட்டாயம். சோழகக் காற்றில் முற்றத்தில் திறந்து வைத்த டபிங் மாங்குளம் தாண்டியும் போகும்.

இறுகிப் போனதை என்ன செய்வது? லேசாக இறுகியதைக் கம்பித் தூரிகை பிரிக்கும். அட்டை போல ஆனதைப் பிரிக்க மினக்கெட வேண்டாம். கீலமாக வெட்டி நண்டுக் கோதுக்கோ தவளை முதுகுக்கோ பாவியுங்கள்.

கழுவிக் காய்ந்த மயிர் பிசுபிசுக்கிறது, வெள்ளையாகப் பூத்திருக்கிறது

இது வன்னியில் அடிக்கடி நடக்கும் பிழை. உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருக்கிறதா? அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. அதில் கட்டிச் சவர்க்காரம் போட்டால் நுரைக்காது, அழுக்குப் போன்ற ஒரு படை உண்டாகும். அந்தப் படை மயிரில் படிந்து, நிறத்தை மங்கச் செய்து, மெழுகையும் ஒட்ட விடாது. சாயம் ஏறாமல் போவதற்கும் பல வேளை காரணம் இதுவே.

மழைநீர் சேமித்திருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் கட்டிச் சவர்க்காரத்தை விட்டு, சம்போவோ பாத்திரம் கழுவும் திரவமோ பாவியுங்கள். அவை சுண்ணாம்போடு படை கட்டுவதில்லை. ஏற்கெனவே பூத்துப் போன மயிரை, லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசினால் படை கரையும்.

சாயம் ஏறவில்லை, அல்லது குளத்தில் கழன்று வருகிறது

முதலில் எது மயிர், எது பிளாஸ்ரிக் என்று தெரிய வேண்டும். கடைகளில் கம்பளி என்று விற்கும் பின்னல் நூல் பெரும்பாலும் அக்கிரிலிக். ஒரு இழையைக் குறட்டால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள்: மயிர் கருகின மணம் வந்து, சாம்பல் விரலில் நொருங்கினால் ஆட்டு, செம்மறி, முயல் வகை. உருகிக் கெட்டியான மணி ஆனால் செயற்கை. கடதாசி எரிந்த மணம் என்றால் பருத்தி அல்லது இலவம் பஞ்சு.

கேக்குக்குப் போடும் நிறமும் வினாகிரியும் மயிரிலும் நைலோனிலும் ஏறும். பொலியெஸ்ரர், அக்கிரிலிக், இலவம் பஞ்சு எதிலும் நிற்காது. அவற்றை உள்ள நிறத்திலேயே பாவியுங்கள். 5 கிராம் மயிரை முதலில் நனைத்து, 500 மில்லிலீற்றர் தண்ணீர், நிறம் அரைத் தேக்கரண்டி, வினாகிரி 2 மேசைக்கரண்டி சேர்த்து, கொதிக்க விடாமல் ஆவி பறக்கும் சூட்டில் 20 முதல் 30 நிமிடம். தண்ணீர் தெளிந்துவிட்டால் சாயம் மயிருக்குள் போய்விட்டது. அதே தண்ணீரில் ஆறவிட்டு அலசுங்கள். சூட்டோடு தூக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டால் முயல்மயிர் இறுகும்.

மஞ்சள் தூளால் நல்ல நிறம் வரும், ஆனால் வெயிலில் வெளிறிவிடும். சவர்க்காரம் பட்டால் சிவந்தும் விடும்; குங்குமம் செய்கிற இரசாயனம் அதுதான். மண்ணிறத்துக்குத் தேயிலையை மிஞ்சியதில்லை: 500 மில்லிலீற்றருக்கு 3 மேசைக்கரண்டித் தூள், அரை மணி நேரம். இரண்டு துருப்பிடித்த ஆணி போட்டால் சாம்பலுக்குத் திரும்பும். முன்பு பருத்தி வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றினார்களே, அந்தத் துவர்ப்பும் மயிரில் பிடிக்கும். ஆனால் மயிரை விறைக்க வைக்கும், ஆகவே மேல்மயிருக்கு மட்டும்.

கையில் பார்த்த நிறம் தண்ணீரில் இல்லை

நனைந்த மயிர் இருளும். காய்ந்த கலவையை வெயிலில் வைத்து நிறம் ஒப்பிடுவது வீண் வேலை. ஒரு கிள்ளை வெள்ளைப் பீங்கானில் வைத்து, குளத்துத் தண்ணீரால் நனைத்து, பிறகு பாருங்கள். வேண்டிய நிறத்தைவிட ஒரு படி வெளிறலாகக் கலந்தால் தண்ணீரில் சரியாக வரும்.

சில இழைகள் நனைந்தால் வேறு முகம் காட்டும். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த பிராங்க் சோயர் தன்னுடைய பெயர்பெற்ற பிளைக்குச் சாட்விக்ஸ் 477 என்ற ஒரேயொரு தையற் கம்பளியைத்தான் எடுத்தார். உலர்ந்தால் சாம்பல், நனைந்தால் இளஞ்சிவப்புச் சாயல். அந்தக் கம்பளியின் உற்பத்தி நின்ற பிறகு அதற்கு மாற்றுத் தேடாத பிளை கட்டுநர் குறைவு. நம்முடைய வழி இலேசானது: சாம்பல் முயல் அடிமயிர் 9 பங்கு, இளஞ்சிவப்புச் சாயமேற்றிய முயல் 1 பங்கு.

மிதக்க வேண்டியது தாழ்கிறது, தாழ வேண்டியது மிதக்கிறது

இதற்குக் கணக்கே விடை. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பொலிப்புரொப்பிலீன் 0.91, நைலோன் 1.14, அக்கிரிலிக் 1.18 அளவில், மயிர் 1.3, பொலியெஸ்ரர் 1.38, பருத்தி 1.5. பொலியெஸ்ரர் கலந்த கலவையை மிதக்கவில்லை என்று நொந்துகொள்ள என்ன இருக்கிறது?

மிதக்கும் உடம்புக்கு உரப்பையின் இழையையோ கடற்றொழில் கயிற்றையோ பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. பொலிப்புரொப்பிலீன்தான், மிதக்கும்தான், ஆனால் அந்தப் பருமனில் முள்ளாக நிற்கும், நூலில் சுற்றாது. இலவம் பஞ்சு போதும். உள்ளே காற்றுக் குழாயும் வெளியே மெழுகுப் பூச்சும் உள்ள நார் அது. தனியாகப் பிடிக்காது, வழுக்கும். இலவம் பஞ்சு 2 பங்கு, முயல் அடிமயிர் 1 பங்கு, கையால் மட்டும் கலந்தது. கிரைண்டரில் போட்டால் நார் நசிந்து காற்றுப் போய்விடும், விதைத் துண்டும் தூசியும் கலந்துவிடும். பழைய தலையணைப் பஞ்சில் தூசி மிகுதி. காயிலிருந்து புதிதாக எடுத்ததே நல்லது.

தாழ வேண்டியதில் இலவம் பஞ்சையும் துணி மென்மையாக்கியையும் தவிருங்கள். அடியில் 0.2 அல்லது 0.3 மி.மீ. செப்புக்கம்பி பத்துச் சுற்று. புதுப் பிளையைக் குளத்தில் போட முதல் விரலால் தண்ணீருக்குள் அமர்த்திக் காற்றை வெளியேற்றினால் முதல் வீச்சிலேயே இறங்கும்.

ஒரு திலாப்பியாவோடு உடம்பு அவிழ்ந்துவிட்டது

திலாப்பியாவின் வாய் அரம். கலவை எவ்வளவு நல்லதென்றாலும் உடம்பின் மேல் கம்பிச் சுற்று இல்லாவிட்டால் தாங்காது. எரிந்த சிறு மோட்டாரிலோ பழைய றான்ஸ்போமரிலோ உள்ள மெல்லிய செப்புக்கம்பியை, டபிங் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். ஒரே திசையில் சுற்றினால் கம்பி மயிருக்குள் புதைந்து பயனற்றுப் போகும். பிறகு ஊசியால் மேல்மயிரைக் கிளறி வெளியே இழுத்துவிடுங்கள்.

மாரி முடிந்து திறந்தால் பூஞ்சணம், பூச்சி

ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றும் மழையும். அரைகுறையாகக் காய்ந்ததைப் பொலித்தீன் பையில் அடைத்தால் பூஞ்சணம் நிச்சயம். கலவையை ஆவணி வெயிலில் உலர்த்திக் கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமோ, வறுத்து ஆறவிட்ட அரிசி ஒரு மேசைக்கரண்டியைத் துணியில் முடிந்தோ போட்டு, மாதமொருமுறை மாற்றுங்கள்.

பூச்சி விழுந்த போத்தலைக் குளிரூட்டியின் உறைபனி அறையில், −18 பாகையில், இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் படியாது. வேப்பிலை பூச்சியைக் கொல்லாது. அந்துருண்டை கொல்லும், ஆனால் சில பிளாஸ்ரிக் பெட்டிகளை உருக்கும், மணமும் மயிரை விட்டுப் போகாது.

காட்டு முயல், மரை, மான் மயிர் நல்லதென்று யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்க வேண்டாம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வீட்டு முயலும் ஆடும் இருக்கையில் தேவையும் இல்லை. ஆங்கிலேயரின் பழம்பெரும் கலவைகளில் ஒன்றான ரப்ஸ் இன்டிஸ்பென்சபிளில்கூடச் செம்மறிக் கடாவின் மயிரும் ஸ்பானியல் நாயைச் சீவி எடுத்த மயிரும் இருந்தன.

போன முறை வந்த கலவை இந்த முறை வரவில்லை

எழுதி வைக்காததே காரணம். கிள்ளுக் கணக்கு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். சமையல் தராசு பெரும்பாலும் 1 கிராமுக்குக் கீழே காட்டாது, 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். இல்லையென்றால் முதலில் 10 கிராம் அடிமயிரைச் சாயமேற்றி ஒரே நிறமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து தேக்கரண்டிக் கணக்கில் பங்கு போடுங்கள். அமர்த்தாமல், தளர்வாக நிரப்பிய தேக்கரண்டி. ஒவ்வொரு கலவையிலும் ஒரு கிள்ளை, கட்டிய ஒரு பிளையோடு சேர்த்து அட்டையில் ஒட்டி, பங்கும் மயிரின் நீளமும் கழுவிய தண்ணீர் எதுவென்பதும் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். மை வேண்டாம், மாரியில் ஊறிவிடும்.